ஸ்டேஷன் எதிரிலிருந்த கண்ணாடிப் பெட்டி

திருப்பதி ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அதன் வாசலில் தெருவைப் பார்த்தபடி ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. ஸ்டுடியோக்காரர் தமக்குப் பிடித்த படங்களைப் பெரிதாக்கி அதில் வைப்பார். அந்தப் பெட்டியில் இருந்த முகங்களில் ஒன்றைக் கண்டாலும் எனக்கு ஆகாது. மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாண ஜோடி, தலையணையில் குப்புறக் கிடந்த ஒரு குழந்தை, புஜத்தை மடக்கிக் காட்டும் ஒரு பயில்வான். நாற்காலி போட்ட இடத்தில் உட்கார்ந்ததைத் தவிர இவர்கள் என்ன சாதித்துவிட்டார்கள்? காலையில் வண்டியை விட்டு இறங்கி வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பயில்வான் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. நான் எடுத்த படம் ஒன்று அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்க வேண்டும். வண்டி பிடிக்க ஓடுகிறவன் நின்று அதைப் பார்த்துவிட்டு ஓட வேண்டும். அந்த வருஷங்களில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றே. சம்பளம் கூடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் வீடு புத்தூரில். எனக்குத் திருப்பதியில் ஓர் அச்சாபீஸில் அச்சுக் கோர்க்கிற வேலை. தமிழும் கோர்ப்பேன், தெலுங்கும் கோர்ப்பேன். ஆந்திர ராஜ்யம் பிரிந்த பிறகும் எங்கள் ஜில்லாவில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது தீராமல் இழுத்துக்கொண்டு கிடந்த காலம் அது. காலையில் 'சித்தூர் எங்களுக்கே' என்று தெலுங்கில் ஒரு நோட்டீஸ் கோர்ப்பேன். சாயங்காலம் அதே வாசகத்தைத் தமிழில் இன்னொரு கோஷ்டிக்குக் கோர்ப்பேன். முதலாளி இரண்டையும் ஒரே கயிற்றில் காயப் போடுவார்.

என் மனைவி ரேணிகுண்டாவில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பேருமே சீசன் டிக்கெட். காலை பாசஞ்சர் அரக்கோணம், திருத்தணி வழியாகப் புத்தூருக்கு வரும். அவள் லேடீஸ் பெட்டியில் ஏறுவாள், நான் அடுத்த பெட்டியில். ரேணிகுண்டாவில் இறங்கி அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடப்பாள். நான் மேம்பாலம் ஏறி இறங்கி, மீட்டர் கேஜ் வண்டிக்கு மாறித் திருப்பதி போவேன். சாயங்காலம் அதே மாதிரி திரும்புவோம். கல்யாணமாகிப் பத்து வருஷமாக இதுதான் எங்கள் குடித்தனம். வழியில் என்ன பேசுவோம் என்றால் ஒன்றும் பேச மாட்டோம். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு இருக்கும்.

கேமரா எனக்கு ரேணிகுண்டா ரயில்வே காலனியில் கிடைத்தது. ஒரு சட்டைக்கார கார்டு, ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு சீமைக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் வீட்டுச் சாமான்களை விற்றார். மற்றவர்கள் கட்டிலையும் நிலைக்கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். முன்னால் ஒரு கண், மேலே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி. பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, குனிந்து, அந்தச் சின்னக் கண்ணாடியில் ஆளைப் பார்த்து அமுக்க வேண்டும். ஒரு பிலிமில் எட்டுப் படம் விழும்.

ஸ்டுடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் உட்காருகிற ஆட்கள் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது வண்டியில் போகிற ஜனங்கள். மலைக்குப் போகிறவர்கள் முடியோடு போவார்கள், மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு திரும்புவார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் சபையில் மொட்டை கிடையாது. அதனாலோ என்னவோ, சாயங்கால வண்டியில் வரிசையாக மினுக்கும் அந்தத் தலைகளைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. ஆனால் பெட்டியைப் பையிலிருந்து வெளியே எடுத்தேனோ இல்லையோ, அத்தனை பேரும் போலீஸ்காரனைக் கண்டவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். சிரித்துக்கொண்டிருந்தவன் வாயை மூடுவான். புருஷன் பெண்டாட்டியை இடது பக்கம் நகர்த்துவான். குழந்தையின் மூக்கைத் துடைத்து, "அசையாதடா, மூச்சப் புடிச்சிக்கோ" என்பார்கள். மொட்டை போட்டவன் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்வான்.

எல்லைச் சண்டை வேறு என் பிழைப்பைக் கெடுத்தது. ஒருநாள் நகரியிலிருந்து வந்த ஒரு மூட்டைக்காரர், ஜன்னலோரம் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர், பெட்டியைப் பார்த்ததும் கடலையை மடியில் கட்டினார்.

"இன்னாய்யா, நீ எல்லைக் கமிட்டி ஆளா?"

"எந்தக் கமிட்டியும் இல்லீங்க. சும்மா போட்டோ."

"சும்மா எவனாச்சும் போட்டோ புடிப்பானா? இத்தக் காட்டி எங்கள எந்தப் பக்கம் தள்ளப் போற?"

"போட்டோவுல பாஷை தெரியாதுங்க."

"மூஞ்சியில தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரேணிகுண்டா வரை திறக்கவில்லை.

எடுத்த படங்களைக் கழுவுவதற்குக் கண்ணாடிப் பெட்டிக்காரரிடம்தான் கொடுப்பேன். அவர் தெலுங்குக்காரர், எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழும் பேசுவார். வாயில் எப்போதும் வெற்றிலை. என் படங்களை மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்புவார், ஒன்றையும் கையில் எடுக்க மாட்டார்.

"ஏமண்டி, கம்பாசிட்டர்காரு, இவங்க எல்லாம் ரயில்ல போறாங்களா, கோர்ட்டுக்குப் போறாங்களா?"

"கேமராப் பெட்டி பழசுங்க. அதான்" என்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"நின்னு பாக்கறாப்ல ஒண்ணு கொண்டுவாங்க. பயில்வான எடுத்துட்டு அதை வைக்கிறேன்" என்றார் ஒரு தடவை. விளையாட்டுக்குச் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பயில்வானை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அந்தப் பலகைத் தடுப்பு எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியது. என் பெட்டியில் அரசியல், தூக்கம், சுருட்டுப் புகை. தடுப்புக்கு அந்தப் பக்கம் எப்போதும் சிரிப்பாகவே இருக்கும். அத்தனை பெண்களும் எதற்குத்தான் அப்படிச் சிரிப்பார்களோ. நல்ல படமெல்லாம் அந்தப் பக்கம் வீணாகப் போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் உள்ளே போக முடியாது. போகக் கூடியவள் ஒருத்தி என் வீட்டில் இருந்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கொல்லையில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கணும். வவுத்தோட புடிச்சிக்கோ. குனிஞ்சி இந்தக் கண்ணாடியில பாரு. வண்டி நின்னப்புறம் எடு, ஓடறப்போ எடுத்தா கலங்கிடும். மூச்ச அடக்கிக்கினு அமுக்கு."

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதானாவா? எத்தினி பிலிம் வீணாக்கி நான் கத்துக்கினேன் தெரியுமா?"

"அதான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

இரண்டு நாளில் எட்டையும் முடித்துக்கொண்டு வந்து பெட்டியை நீட்டினாள். நானாக இருந்தால் ஒரு மாதம் வைத்திருப்பேன். "என்னாத்த எடுத்த?" என்றேன். "தெரியல. பேசிக்கினே எடுத்தேன்" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஸ்டுடியோக்காரர் அந்தப் படங்களைப் பரப்பியபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாம் கோணல். ஒன்றில் பாதித் தலை இல்லை, இன்னொன்றில் இவள் விரலே பாதிப் படம். வாயைத் திறந்து கேலி செய்யப் போனேன். அவர் ஒரு படத்தைக் கையில் எடுத்தார். என் படம் ஒன்றையும் அவர் அப்படி எடுத்ததில்லை.

மொட்டை போட்ட ஒரு நடுவயசுப் பெண், ஜன்னலோரம். சாயங்கால வெயில் ஒரு கன்னத்தில். தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. வழக்கமாகக் கொண்டையைச் சரி செய்கிற கை, வழக்கப்படி பின்னால் போயிருக்கிறது. போன கைக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. கை அந்தரத்தில் நிற்க, அவள் வாய் நிறையச் சிரித்துவிட்டாள். நம்மிடம்தான் சிரிக்கிறாள். நம்மை அவளுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும் என்கிற மாதிரி.

"எவரு தீசாரு?" என்றார் ஸ்டுடியோக்காரர். யார் எடுத்தது என்கிறார்.

"என் வீட்டுக்காரி" என்றேன். வேறு என்ன சொல்வது. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், படத்தை ஒரு தரம் பார்த்தார். "ஆஹா" என்றார்.

அடுத்த வாரம் பயில்வான் இறங்கிவிட்டார். அந்த இடத்தில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். வண்டி பிடிக்க ஓடியவர்கள் நின்றார்கள். நான் கனவு கண்ட மாதிரியே, ஒரு அங்குலம் குறையாமல் நின்றார்கள். ஒருவன் தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். வயிறு எரிந்தது என்பார்களே, அது நிஜமாகவே எரியும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. பிறன் பொருளை இச்சிக்காதே என்று பத்துக் கட்டளையில் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தவன்தான் நான். கட்டின பெண்டாட்டியின் பொருளை இச்சிக்கலாமா கூடாதா என்று அதில் தெளிவாக இல்லை.

சுற்று வழியாக அச்சாபீஸுக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் அவளிடம் விஷயத்தை மூன்று நாள் கழித்துச் சொன்னேன், குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்கிற குரலில்.

"உன் மொட்டையம்மாவ கண்ணாடியில வச்சிருக்கான்."

"அப்டியா? நல்லாத் தெரியிதா அவங்க மூஞ்சி?" அவ்வளவுதான். துள்ளவில்லை, பெருமை அடித்துக்கொள்ளவில்லை. அவள் கொஞ்சம் பீற்றிக்கொண்டிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"எப்டி எடுத்த?" என்று கடைசியில் கேட்டே விட்டேன்.

"எந்தூரு, இன்னா வேண்டுதல்னு கேட்டேன். வீட்டுக்காரருக்கு ஒடம்பு தேறினா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினாங்களாம். தேறிட்டாராம். சொல்லிக்கினே கொண்டையத் தேடினாங்க."

"அத்தக் கேக்கல. கண்ணாடியில எப்டிப் பாத்த? நீ குனிஞ்சா அவங்க கண்டுபிடிச்சிருப்பாங்களே."

"நான் எங்க குனிஞ்சேன்? ஒருத்தவங்க நம்மகிட்ட வூட்டுக் கதை சொல்லிக்கினு கீறாங்க. அப்போ பொட்டியப் பாத்துக்கினு ஒக்காந்தா அது மரியாதையா? அவங்க மூஞ்சியப் பாத்துக்கினே அமுக்கிட்டேன்."

சரி, தந்திரம் தெரிந்துவிட்டது என்று மறுநாளே நானும் ஆரம்பித்தேன். எதிரே இருந்த ஒரு மொட்டைத் தலைக்காரரின் முகத்தை விடாமல் பார்த்துக்கொண்டு, "எந்தூருங்க?" என்றேன். "ஏன், எந்தப் பக்கம்னு எழுதிக்கப் போறியா?" என்றார் அவர். அமுக்கினேன். அவருடைய முழங்கால் இரண்டும் தூக்குச்சட்டியும் மிகத் தெளிவாக விழுந்திருந்தன. ஸ்டுடியோக்காரர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்து, "தூக்குச்சட்டி பாகுந்தி" என்றார். நன்றாயிருக்கிறதாம்.

அதற்கப்புறம் பெட்டியை அவளிடம் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. லேடீஸ் பெட்டிப் பெண்கள்தான் கேட்டார்களாம், "டீச்சரம்மா, போட்டோப் பொட்டி எங்க?" என்று. பிலிம் கிடைக்கவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

இப்படி இருக்கும்போது எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகிறது, புத்தூர் ஆந்திராவிலேயே இருக்கிறது. எனக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. என் மனைவி பிறந்தது திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவளுடைய நைனா அங்கேதான் இருந்தார். அந்தச் செய்தியை எட்டு பாயிண்ட் பொடி எழுத்தில் நானே கோர்த்தேன். கோர்க்கும்போது எனக்கு வந்த யோசனை என்ன தெரியுமா? எல்லை மாறுகிற அன்றைக்கு ஸ்டேஷனில் எடுக்கிற படம் எப்படி இருக்கும் என்பதுதான். அழுகிறவர்கள், கட்டிக்கொள்கிறவர்கள், இறங்க மனமில்லாமல் வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். ஸ்டுடியோக்காரரிடம் ஓடினேன்.

"எல்லை மாறுற அன்னிக்கி எடுக்கற படம் நல்லா வந்தா இந்தம்மாவ எறக்கிட்டு அதை வைப்பீங்களா?"

அவர் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "இந்தம்மாவையா?" என்று இழுத்தார். "சரி, கொண்டுவாங்க. சூத்தாம்." பார்க்கலாம் என்று அர்த்தம். கையிலிருந்த கடைசி பிலிமையும் அவரே கொடுத்தார். அடுத்தது மெட்ராஸிலிருந்து வந்தால்தான் உண்டு என்றார்.

எல்லை மாறிய அன்று காலை நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் தலை வாரிக்கொண்டே என்னவோ சொன்னாள். "நைனா ஊரு இன்னியிலருந்து வேற ராஜ்யமாமே" என்று சொன்னாள் என்று நினைக்கிறேன். "ஆமா ஆமா" என்றேன். "இன்னிக்கி நீ பொட்டியத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றும் சொன்னேன். அவள் சீப்பை வைத்துவிட்டுத் துணிப்பையை எடுத்துக்கொண்டாள்.

புத்தூர் பிளாட்பாரத்தில் நான் பெட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு தயாராக நின்றேன். திருத்தணியிலிருந்து வண்டி வந்தது. வேற்று ராஜ்யத்திலிருந்து வருகிற வண்டி. அதிலிருந்து தினமும் இறங்குகிற பால்காரர் இறங்கினார், தினமும் இறங்குகிற வெற்றிலைக் கூடைகள் இறங்கின. ஒருத்தரும் அழவில்லை. "இன்னா வாத்தியாரே, வழிய அடைச்சிக்கினு நிக்கறே?" என்று பால்காரர் என்னை ஒதுக்கிவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் ஸ்டேஷன் பெயர்ப்பலகையை ஒன்று எடுத்தேன். அதில் ஒரு பாஷையை யாரோ தார் பூசி அழித்திருந்த இடத்தை இன்னொன்று. ஏர்பேடு போகிற ஒரு குடும்பத்தை வண்டிக்குள் எடுத்தேன், அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படியே ரேணிகுண்டா போய்ச் சேருவதற்குள் ஏழு படம் போய்விட்டது.

ஒன்று பாக்கி. மேம்பாலத்தின் மேல் நின்று, கீழே கூட்டத்தில் ஏதாவது தென்படுமா என்று தேடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் அதே பாலம்தான் வழி என்பதால் அவளும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கமிருந்து ஒரு கான்ஸ்டபிள் ஏறி வந்தார். கலாட்டா நடக்கலாம் என்று அன்றைக்கு ஸ்டேஷனெங்கும் காவல் போட்டிருந்தார்கள். பெட்டியோடு பாலத்தின் மேல் நிற்கிறவனை விடுவாரா? சட்டென்று பெட்டியை அவளுடைய துணிப்பையில் போட்டு, "நீ போ" என்றேன். டீச்சரம்மாவை யார் தடுப்பார்கள்? அவள் பாட்டுக்குப் படி இறங்கிப் போய்விட்டாள். நான் என் ஊர், பேர், வேலை, எதற்கு நின்றேன் என்பதையெல்லாம் இரண்டு பாஷையிலும் சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று.

இறங்கி வந்தபோது அவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கவில்லை. மீட்டர் கேஜ் பிளாட்பாரத்தில் எனக்காகப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சும்மா நின்றாளா? லேடீஸ் பெட்டிப் பெண்கள் நாலைந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டு, "வந்துடுச்சா டீச்சரம்மா போட்டோப் பொட்டி" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து திரும்பி அங்கே இறங்கிய இரண்டு மொட்டைத் தலை வேறு. காலையிலிருந்து நான் நாய் மாதிரி அலைந்து தேடின படம், அவளைச் சுற்றித் தானாக வந்து நிற்கிறது. பெட்டி அவள் கையில். மிச்சமிருக்கிற ஒரே ஒரு படமும் அதற்குள்ளே.

நான் அப்படியே நின்றுவிட்டேன். கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போனது. அவள் என்னைக் கவனித்தாள். பெண்களிடமிருந்து திரும்பி, பெட்டியை வயிற்றோடு அணைத்து, குனியாமல், என்னைப் பார்த்தாள். 'டிக்' என்று சத்தம்.

"கடைசிப் படத்தப் பாழாக்கிட்டியா?" என்று கத்தினேன். அதற்குள் வண்டி ஊதிவிட்டது. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன்.

ஸ்டுடியோக்காரர் அந்த எட்டையும் பரப்பினார். பெயர்ப்பலகை, தார், மூச்சுப் பிடித்த குடும்பம். எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளினார். எட்டாவதைக் கையில் எடுத்தார். வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏமி முகமய்யா இது" என்றார். "எவ்ளோ துக்கம்."

ஓடுகிற கூட்டத்தின் நடுவில் நான் ஒருவன் மட்டும் நிற்கிறேன். கழுத்து முன்னால் நீண்டிருக்கிறது, உதடு இறுகியிருக்கிறது. கண் எதையோ பறிகொடுத்தவன் கண்ணாக இருக்கிறது. அதைத் துக்கம் என்று அவர் நினைத்தார். கட்டின பெண்டாட்டி கையிலிருக்கிற கேமராவைப் பார்த்து வயிறு எரிகிறவன் முகம் இது என்று எப்படிச் சொல்வது?

மொட்டையம்மா இறங்கினாள். நான் ஏறினேன். யார் எடுத்தது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அவர் இரண்டாவது 'ஆஹா'வும் சொன்னார். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். "பாவம், திருத்தணி ஆளு போலக்கீது. எல்லையில சொந்தபந்தம் பிரிஞ்சிபோயிருக்கும்" என்றார்கள் தமிழ்க்காரர்கள். தெலுங்குக்காரர்களும் "பாபம்" என்றார்கள். அச்சாபீஸ் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குள்ள இவ்ளோ இருந்துச்சா?" என்று கேட்டார். எல்லைக்காக இரண்டு கோஷ்டியும் போட்ட சண்டையில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட விஷயம் என் மூஞ்சி ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை அவள் பார்க்க வந்தாள். இரண்டு பேரும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றோம். மூட்டையோடு ஒருவர் பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் கையெட்டும் தூரத்தில் நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

"துக்கமாம்" என்றேன்.

"அவங்களுக்கு இன்னா தெரியும்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? பொட்டி என் கையில கீதேன்னு பொறுக்கல உங்களுக்கு."

"தெரிஞ்சேவா எடுத்த?"

அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பத்து வருசமா ஒரே வண்டியில போயிக்கினு வந்துக்கினு கீறோம். போற வர மொட்டையெல்லாம் பாக்கறீங்க. அன்னிக்கி எங்கூரு போச்சி. நான் இன்னா மூஞ்சியோட கீறேன்னு காலையிலருந்து ஒரு வாட்டி பாத்தீங்களா? பொட்டி என் கையில வந்தப்புறந்தான் பாத்தீங்க. எதுக்கோ ஒண்ணுக்கு, பாத்தீங்களேன்னு அமுக்கிட்டேன்."

"பொட்டியத்தான் பாத்தேன்" என்றேன். எனக்கு வீம்பு.

"அப்டியா" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் பூண்டு விலை கேட்கப் போனாள்.

நான் படத்தைப் பார்த்தேன். எனக்குக் கேமராவைப் பற்றி ஓரளவுக்குத் தெரியும். பெட்டி அவள் வயிற்றுக்கு நேரே இருந்தது. நான் பெட்டியைப் பார்த்திருந்தால் படத்தில் என் கண் பார்க்கிறவர்களுக்கு நேராக விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. என் கண் மேலே பார்க்கிறது, பெட்டிக்கு மேலே, அவள் முகம் இருந்த இடத்தை. பார்க்கிறவர்கள் தங்கள் தலைக்கு மேல் எதையோ தேடுகிற துக்கம் என்று நினைத்தது அதைத்தான்.

அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். அழுதிருந்தாளா, கண் சிவந்திருந்ததா? பெண்களோடு சிரித்துக்கொண்டிருந்தாளே, அது எந்த மாதிரிச் சிரிப்பு? ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனுக்கு அது தெரியும். அவன் இன்னும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன்மேல் எனக்கு வந்த பொறாமை அந்தப் பயில்வான்மேல்கூட வந்ததில்லை.